பச்சிளங் குழந்தையின் உயிர் யார் பொறுப்பு?

பிறந்து மூன்றே நாளான ஒரு சிசு. தாய்ப்பாலைக் குடிக்கிறது; குடித்ததைக் கக்குகிறது. முதலில் வெள்ளையாக வந்த கக்கல், பிறகு பச்சையாக வருகிறது. பாட்டி பார்த்துவிட்டுக் "குடலேற்றம்" என்கிறாள். தட்டி எடுப்பதற்குக் கைராசிக்காரி ஒருத்தியிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அடுத்த வீட்டுக்காரி "தோஷம்" என்கிறாள். கயிறு மந்திரித்துக் கட்டுகிறார்கள். மறுநாள் குழந்தை பாலுக்கு அழுவதையும் நிறுத்திவிடுகிறது. "அசந்து தூங்குகிறது, பாவம்" என்று வீட்டார் ஆறுதல் அடைகிறார்கள். குழந்தை தூங்கவில்லை. செத்துக்கொண்டிருக்கிறது.

இது எந்த ஒரு வீட்டின் கதையும் அல்ல. எந்த உழைப்பாளியின் வீட்டிலும் நடக்கக்கூடியது.

இந்தக் குழந்தையைக் காப்பாற்ற முடியாதா? முடியும். காப்பாற்றும் வித்தை தெரிந்த வைத்தியர்கள் இதே சென்னை நகரில் இருக்கிறார்கள். எழும்பூரில் 1968-ஆம் ஆண்டு முதல் சர்க்காரின் குழந்தைகள் ஆஸ்பத்திரி நடந்துவருகிறது. உள்ளங்கையளவு வயிற்றைத் திறந்து, நூல் போன்ற குடலைத் தைத்து மூடும் ரண சிகிச்சை நிபுணர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். அப்படியிருந்தும் குழந்தை சாவானேன்? குழந்தைக்கும் கத்திக்கும் நடுவே கழிகிற மணி நேரங்களே அதைக் கொல்கின்றன. அந்த மணி நேரங்களைக் கூட்டுவது எது, குறைக்க வேண்டியது யார் என்பதுதான் இன்று நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

பச்சை நிறம் சொல்லும் சேதி

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். ஈரலில் ஊறும் பித்தநீர், இரைப்பையைத் தாண்டியதும் குடலில் வந்து விழுகிறது. அங்கிருந்து அது கீழ்நோக்கிப் போக வேண்டும். வாய்க்கால் நடுவில் அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேலே எதிர்த்து ஏறி, கரையைத் தாண்டி வழியும். வயலில் பாடுபடும் தோழர்களுக்கு இதை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. அதுபோலவே, குடல் அடைத்துக்கொண்டால் பித்தநீர் வாய் வழியே பச்சையாக வெளிவருகிறது.

பச்சை வாந்தி எடுக்கிற குழந்தைகள் எல்லாவற்றுக்குமே ரண சிகிச்சை தேவைப்படுவதில்லை. ஆனால், தேவையில்லை என்று நிபுணர் சோதித்துச் சொல்லும் வரையில், தேவை என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பது உலகெங்கும் வைத்தியர்கள் ஒப்புக்கொண்ட விதி.

இங்கே ஒரு குழப்பம் வரக்கூடாது. குழந்தை பிறந்ததும் கழிக்கிற முதல் மலம் கரும்பச்சையாகத்தான் இருக்கும். "காட்டுப்பீ" என்று நம் பெண்கள் சொல்வது அதைத்தான். அது நல்லது, பெரும்பாலான குழந்தைகள் முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அதைக் கழித்துவிடுகின்றன. கீழே பச்சை போனால் பயமில்லை. மேலே பச்சை வந்தால் ஆபத்து. ஒரு நாள் கழிந்தும் மலம் இறங்காமல், வயிறு மத்தளம்போல் உப்பிக்கொண்டே போனால் அதுவும் ஆபத்து.

அடைப்பு பல விதம். சில குழந்தைகளுக்குக் குடலின் ஒரு பகுதி துவாரமின்றியே அமைந்துவிடுகிறது. சிலவற்றுக்குக் குடலின் கடைசிப் பகுதியில் நரம்புகள் அமையாததால் மலம் இறங்குவதில்லை. சிலவற்றுக்கு ஆசனவாயே இருப்பதில்லை. இந்தக் கடைசிக் குறை மட்டும் ஏறத்தாழ 5000 குழந்தைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் காணப்படுகிறது. ஆண்டுதோறும் எட்டு லட்சத்துக்கு மேல் பிரசவம் நடக்கும் நமது மாநிலத்தில் எத்தனை வீடுகள் என்று வாசகர்களே வகுத்துப் பார்க்கலாம். நூற்றைம்பதுக்குக் குறையாது.

எல்லாவற்றிலும் அவசரமானது குடல் முறுக்கு. கருவில் வளரும்போது குடல் சுழன்று வந்து, வயிற்றில் தனக்குரிய இடத்தில் அகலமாக ஒட்டிக்கொள்ள வேண்டும். சில குழந்தைகளுக்கு இது சரியாக நடப்பதில்லை. குடல் முழுவதும் ஒரு குறுகிய காம்பில் தொங்குகிறது. பிறந்த சில நாட்களில் அந்தக் காம்பு முறுக்கிக்கொள்கிறது. ஈரத்துணியை முறுக்கினால் தண்ணீர் வெளியேறுவதுபோல், குடலுக்கு ரத்தம் வருவது நின்றுபோகிறது. சில மணி நேரத்தில் குடல் கறுத்து அழுகத் தொடங்குகிறது.

முறுக்கிய நூலைப் பிரிக்கிற மில் தோழர்களுக்குத் தெரியும், முறுக்கு விழுந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் அது அவிழும் என்பது. வைத்தியர் செய்வதும் அதுதான். வயிற்றைத் திறந்து குடலை எதிர்ப்பக்கம் திருப்பி, மறுபடி முறுக்கிக்கொள்ளாதபடி பரப்பி வைக்கிறார். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வைத்தியர் வில்லியம் லாட் 1936-ஆம் ஆண்டில் எழுதிவைத்த முறை இது. இன்றும் இதே முறைதான் உலகெங்கும் கையாளப்படுகிறது. வேளையோடு வந்த குழந்தையின் குடல் கண்ணெதிரே மறுபடி சிவந்து உயிர் பெறுகிறது. வேளை தவறி வந்த குழந்தைக்கு, அதே கையும் அதே கத்தியும் இருந்தும் பயனில்லை.

விஞ்ஞானம் செய்து காட்டியது

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இப்படிப்பட்ட குழந்தைகளில் மிகச் சிலவே பிழைத்தன. விஞ்ஞானம் இந்த விதியை மாற்றியது. பிரிட்டனில் 1948-ல் வைத்தியம் எல்லோருக்கும் இலவசம் என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 1953-ல், லிவர்பூல் நகரின் ஆல்டர் ஹே ஆஸ்பத்திரியில் பீட்டர் ரிக்காம் என்ற வைத்தியர் பச்சிளங் குழந்தைகளின் ரண சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு அமைத்தார். 1955-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் லோவும் பர்னார்டும், குடலின் ஒரு பகுதிக்குக் கருவிலேயே ரத்தம் தடைப்படுவதால் துவாரமில்லாத குடல் உண்டாகிறது என்பதைப் பரிசோதனையில் நிரூபித்தார்கள். எந்தப் பகுதியை வெட்டி நீக்கினால் குழந்தை பிழைக்கும் என்பது அதன் பிறகே தெளிவாயிற்று. 1967-68-ல் பிலடெல்பியாவில் டட்ரிக், வில்மோர் என்ற வைத்தியர்கள், குடல் ஏறக்குறைய முழுவதும் அமையாமல் பிறந்த ஒரு சிசுவை, ரத்தக் குழாய் வழியாகவே உணவளித்து மாதக்கணக்கில் வளர்த்துக் காட்டினார்கள். தைத்த குடல் ஆறும் வரையில் குழந்தை பட்டினியால் சாக வேண்டியதில்லை என்று ஆயிற்று.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். பச்சிளங் குழந்தைக்கு வலி தெரியாது என்றே வெகுகாலம் பல வைத்தியர்கள் எண்ணியிருந்தார்கள். போதிய மயக்க மருந்து கொடுக்காமலே கத்தி வைத்தார்கள். நம் நாட்டில் பிறந்த கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற வைத்தியர் ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி நடத்தி, குழந்தையின் உடம்பு அந்த வலியால் எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்பதை 1987-ல் உலகத்துக்குக் காட்டினார். வாய் திறந்து சொல்ல முடியாதவனுக்கு வலியே இல்லை என்று முடிவு கட்டுவது பழைய வழக்கம். உழைக்கும் மக்களுக்கு இந்த வழக்கம் நன்றாகவே தெரியும்.

இந்த விஞ்ஞானத்தின் பலன் எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைத்ததா? 2021-ல் 'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகையில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. 74 நாடுகளில் 264 ஆஸ்பத்திரிகளில், வயிறு, குடல் சம்பந்தப்பட்ட பிறவிக் குறைகளோடு வந்த 3849 குழந்தைகளைப் பற்றிய கணக்கு அது. பணக்கார நாடுகளில் இறந்தவை நூற்றுக்கு 6-க்கும் குறைவு. இந்தியாவைப் போன்ற நடுத்தர வருமான நாடுகளில் நூற்றுக்கு 20. மிக ஏழை நாடுகளில் நூற்றுக்கு 40. வயிற்றுச் சுவர் மூடாமல் குடல் வெளியே தொங்கப் பிறக்கும் குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், பணக்கார நாடுகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் இறந்தன. ஏழை நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு இறந்தன. ஒரே குறை, ஒரே சிகிச்சை. பிறந்த இடம்தான் வேறு.

சென்னைக்குள்ளே இரண்டு சென்னை

நாடுகளுக்கிடையே உள்ள இந்தத் தூரம் ஒரே நகரத்துக்குள்ளும் இருக்கிறது என்பதையே நாம் சுட்டிக்காட்ட விரும்புகிறோம்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளைப் பாருங்கள். கண்ணாடி மாளிகைகளாக எழுந்து நிற்கும் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கே பஞ்சமில்லை. வெளிநாட்டிலிருந்தெல்லாம் நோயாளிகள் விமானம் ஏறி வருகிறார்கள். ஆனால் மாநில சர்க்காரின் பெரிய மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளான பொது ஆஸ்பத்திரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் எல்லாம் நகரத்தின் நடுவிலும் வடக்கிலும் இருக்கின்றன. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் அப்படியே.

மயிலாப்பூர் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற பெண்கள், தியாகராய நகர் ஜவுளிக் கடைகளில் நாள் முழுதும் நின்று வேலை செய்கிறவர்கள், அடையாற்றில் மாடி வீடுகளுக்குச் செங்கல் சுமந்தவர்கள் முன்பு எங்கே குடியிருந்தார்கள்? பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்திலும் அடையாற்றங்கரையிலும் குடிசை போட்டிருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கிலிருந்து அவர்களைக் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அகற்றப்பட்டன. வேலை நகரத்தில், வீடு நகரத்துக்கு வெளியே. பெரும்பாக்கத்திலிருந்து எழும்பூர் இருபது கிலோமீட்டருக்கும் மேல். வீட்டை மாற்றியவர்கள் ஆஸ்பத்திரியை மாற்றவில்லை.

நடு ராத்திரியில் பச்சை வாந்தி எடுக்கும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஆட்டோவில் அந்தத் தூரத்தைக் கடக்கும் தாயை நினைத்துப் பாருங்கள். அவள் பிரசவித்து மூன்று நாள்கூட ஆகவில்லை. முதலில் பக்கத்திலுள்ள ஆஸ்பத்திரி. அங்கே குழந்தைகளுக்கு ரண சிகிச்சை இல்லை. பிறகு ஒரு நர்ஸிங் ஹோம், அங்கே முன்பணம். கடைசியில் எழும்பூர். ஒவ்வொரு வாசலிலும் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. குடலுக்குக் காத்திருக்கத் தெரியாது.

வழிப்பயணம் என்பது வெறும் வண்டி ஓட்டுகிற காரியமும் அல்ல. பிறந்த குழந்தையின் உடம்பு வெகு சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்த குழந்தை ரண சிகிச்சையைத் தாங்காது. வாந்தி மூச்சுக்குழலில் இறங்காதபடி, மெல்லிய குழாய் விட்டு இரைப்பையைக் காலி செய்ய வேண்டும். பால் கொடுப்பதை நிறுத்தி, நரம்பில் திரவம் ஏற்ற வேண்டும். பெட்டி வைத்துச் சூடேற்ற வசதியில்லாவிட்டால், தாயின் நெஞ்சோடு தோல் தோலில் படும்படி அணைத்து மூடிக் கொண்டுவர வேண்டும். தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டு ஆஸ்பத்திரி ஒன்று 1970-களின் கடைசியில் சூட்டுப் பெட்டி போதாமல் கையாண்ட வழி இது. இன்று உலகமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இதற்கெல்லாம் பழகிய நர்ஸ் ஒருவர் வண்டியில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. அது ஏழை மக்களுக்குப் பெரிய உதவி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சிசுவுக்கு ஏற்ற வண்டியும் பழகிய கையும் எந்தப் பகுதியிலிருந்து கூப்பிட்டாலும் உடனே வந்து நிற்க வேண்டும்.

இலவசம் என்றால் போதுமா?

சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்குச் சிகிச்சையும் போக்குவரத்தும் இலவசம் என்று மத்திய சர்க்கார் 2011-ல் திட்டம் போட்டது. மாநிலத்தில் காப்பீட்டுத் திட்டமும் நடக்கிறது. இவை மக்களுக்குக் கிடைத்த உரிமைகள். இவற்றை விட்டுக்கொடுக்க முடியாது.

ஆனால் குழந்தை ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடக்கும்போது, தினக்கூலிக்காரன் கூலியை யார் தருவார்கள்? தாய்க்குச் சோறு, வாசலில் காத்திருக்கும் தகப்பனுக்குப் படுக்க இடம், வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளைகளுக்குக் காவல், இவை எந்தக் காப்பீட்டு அட்டையில் எழுதியிருக்கின்றன? மில்லில் நிரந்தர வேலை பார்க்கிறவனுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. வயல் கூலிக்கு அதுவும் இல்லை. தூர ஜில்லாவிலிருந்து குழந்தையோடு வரும் விவசாயத் தொழிலாளியின் நிலைமை இதைவிடக் கடினம். கடன் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவதற்குள்ளேயே பாதி நேரம் போய்விடுகிறது.

காப்பீட்டுப் பணம் எவ்வளவு கொடுத்தாலும், அது ஆஸ்பத்திரியைக் கட்டித் தராது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருக்கும் நர்ஸை உண்டாக்காது. ரண சிகிச்சை ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். அதற்குப் பிறகு பத்து நாள், இருபது நாள் கண்ணை இமை காப்பதுபோல் குழந்தையைக் காப்பது நர்ஸ்களின் வேலை. அந்த நர்ஸ்களைக் காண்டிராக்டில் வைத்துக் குறைந்த சம்பளத்துக்கு வேலை வாங்கினால், அதன் பலனைக் குழந்தைதான் அனுபவிக்கும்.

தென்சென்னை மக்கள் தங்களால் ஆனதைச் செய்து காட்டியவர்கள். மேற்கு மாம்பலத்தில் 1953-ல் பொதுமக்களே முன்னின்று ஒரு வைத்திய நிலையம் தொடங்கினார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்தது. டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி 1958-ல் தொடங்கிய தன்னார்வ சுகாதார சேவை நிறுவனம், வருமானத்துக்குத் தக்கபடி கட்டணம் என்ற முறையில் ஏழைக் குடும்பங்களுக்கு வைத்தியம் செய்தது. மக்கள் சேர்ந்து இவ்வளவு செய்ய முடிந்தபோது, வரிப்பணம் முழுவதையும் கையில் வைத்திருக்கும் சர்க்கார் செய்ய முடியாது என்று யார் சொல்ல முடியும்?

தாயைக் குற்றம் சொல்லாதீர்கள்

குறையோடு பிறந்த குழந்தையைப் பார்த்ததும் நமது வீடுகளில் முதல் பழி தாய் மேல் விழுகிறது. கிரகணத்தில் வெளியே போனாள், தின்னக்கூடாததைத் தின்றாள், அவள் ஜாதகம் சரியில்லை என்றெல்லாம் பேசுகிறார்கள். இது அநியாயம். குடல் சுழல்வது கரு உண்டான முதல் மூன்று மாதங்களுக்குள் நடந்து முடிகிற காரியம். தாய்க்கு அதன்மீது எந்தக் கையும் இல்லை. கிரகணத்துக்கும் குடலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெண் குழந்தையாயிருந்தால் "போனால் போகட்டும்" என்று தாமதிக்கிற கொடுமையும் சில இடங்களில் உண்டு. நமது தோழர்கள் தங்கள் வீட்டிலும் தெருவிலும் இதை முதலில் எதிர்த்துப் போராட வேண்டும்.

குடலேற்றம் தட்டுகிற பாட்டிமேலும் நமக்குக் கோபமில்லை. வைத்தியர் எட்டாத காலத்தில் அவள்தான் ஏழையின் வைத்தியர். ஆனால் முறுக்கிக்கொண்ட குடலைத் தட்டி எடுக்க முடியாது. இதை அவளுக்கு அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டும். சொன்னால் அவளே முதல் ஆளாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள்.

நமது கோரிக்கைகள்

சர்க்காரிடம் நாம் கேட்பவை இவை:

பிரசவ அறையை விட்டுப் போகுமுன் ஒவ்வொரு குழந்தையையும் தலைமுதல் கால்வரை சோதிக்க வேண்டும். ஆசனவாய் இருக்கிறதா என்று பார்த்து எழுதிவைக்க வேண்டும். முதல் மலம் எப்போது கழிந்தது என்பதைக் குறிக்காமல் எந்தத் தாயையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. படுக்கை போதவில்லை என்று அவசரப்பட்டு அனுப்புவதை நிறுத்த வேண்டும்.

பச்சை வாந்தி, உப்பிய வயிறு, கழியாத மலம் ஆகிய மூன்று அறிகுறிகளையும் தமிழில், படத்தோடு, எல்லாப் பிரசவ விடுதிகளிலும் அங்கன்வாடிகளிலும் எழுதி மாட்ட வேண்டும்.

சிசுக்களுக்கென்று சூடேற்றும் வசதியும் பழகிய நர்ஸும் கொண்ட ஆம்புலன்ஸ் வண்டிகள், கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பகுதிகளுக்கு அருகிலேயே இரவும் பகலும் நிற்க வேண்டும். புறப்படும்போதே ரண சிகிச்சைப் பிரிவுக்குச் சேதி போக வேண்டும். வாசல் வாசலாக ஏறி இறங்கும் நிலை ஒழிய வேண்டும்.

தென்சென்னையிலும், தூர ஜில்லாக்களிலும், பச்சிளங் குழந்தைகளுக்கான ரண சிகிச்சைப் பிரிவுகளைச் சர்க்காரே போதிய படுக்கைகளுடன் நடத்த வேண்டும். நர்ஸ்களுக்கு நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் தர வேண்டும்.

சிகிச்சை நடக்கும் நாட்களுக்குத் தாய் தகப்பன் இருவருக்கும் உணவும் தங்குமிடமும், கூலி இழப்புக்கு ஈடும் தர வேண்டும்.

இவை வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லும் கோரிக்கைகள் அல்ல. 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை இந்தியா முழுவதிலும் 28, தமிழ்நாட்டில் 13, பக்கத்துக் கேரளத்தில் 6. செய்தால் குறையும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வயிற்றுப்போக்கும் அம்மையும் கொன்ற குழந்தைகளைத் தடுப்பூசியாலும் நல்ல தண்ணீராலும் மீட்டோம். மிச்சமிருக்கிற சாவுகளில் பிறவிக் குறைகளின் பங்கு பெரிது. அவற்றிலும் கணிசமானவை கத்தியும் வேளையும் சேர்ந்தால் தடுக்கக்கூடியவை.

தொழிற்சங்கக் கூட்டங்களிலும் விவசாயத் தொழிலாளர் கூட்டங்களிலும் மாதர் கூட்டங்களிலும் தோழர்கள் இந்த விஷயத்தைப் பேச வேண்டும். இந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் படிக்கத் தெரியாத பெண்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். ஒரே ஒரு வாக்கியம் எல்லாருக்கும் மனப்பாடமாகட்டும்: பிறந்த குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால், பால் கொடுப்பதை நிறுத்து, உடம்பைச் சூடாக மூடு, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் புறப்படு.

புறப்படுவது தாயின் பொறுப்பு. அவள் புறப்பட்ட பிறகு வண்டியும், திறந்த கதவும், விழித்திருக்கும் வைத்தியரும் இருக்கச் செய்வது சர்க்காரின் பொறுப்பு. அந்தப் பொறுப்பைச் சர்க்கார் தட்டிக்கழிக்க விடாமல் பார்த்துக்கொள்வது நம் எல்லாருடைய பொறுப்பு.